வெள்ளை பூக்கும் செடி

வாசகரே, சென்ற ஏப்ரலில், பனி கரைந்து நிலம் சேறாகக் கிடந்த ஒரு சனிக்கிழமைக் காலையில், வெக்ஸ்போர்டில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் நீங்கள் நின்றிருந்தால், ஒரு தகப்பனும் மகனும் முழங்காலிட்டு, ஆளுக்கொரு தேநீர்க் கரண்டியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருப்பீர்கள். மகன் பேசுவதற்கென்றே பயின்றவன். தமிழ் மேடையிலும் ஆங்கில மேடையிலும் ஏறி, அலுமாரி நிறையக் கிண்ணங்கள் வென்றவன். அன்று அவன் கையில் இருந்தது ஒரு கரண்டி மட்டுமே. அந்தக் காலைக்கு வெளியாள் எவரும் சாட்சி இல்லை. ஆதலால் இன்று உங்களை அழைக்கிறேன். அருகே வந்து நில்லுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்த வீட்டை அதற்கு முந்திய ஒக்ரோபரில் வாங்கினோம். விற்றவர் ஓர் அம்மையார். கணவரை இழந்து, ஒஷாவாவில் மகளோடு வாழப் போகிறவர். சாவியைத் தந்த அன்று எங்களைப் பின்வளவுக்கு அழைத்துச் சென்று, வேலியோரமாக நீண்டு கிடந்த ஒரு பாத்தியைக் காட்டினார். தண்டுகள் தரையோடு வெட்டப்பட்டிருந்தன. ஆறு இடங்களில் மட்டும் கிழங்கின் தலை மண்ணின் மட்டத்தில் தெரிந்தது. அதில் சிவப்பாக, சுண்டுவிரல் நகத்தின் அளவில், முளைக்கண்கள்.

"பியோனி," என்றார். ஆண்டுதோறும் கிழங்கிலிருந்து முளைத்து, கோடைத் தொடக்கத்தில் பெரிய பூ விடும் செடி.

ஆறில் ஒன்று வெள்ளை பூப்பது. அவருக்குத் திருமணமானபோது அவருடைய தாய் பண்ணைத் தோட்டத்திலிருந்து தோண்டிக் கொடுத்தது. மற்றவை பின்னாளில் கடையில் வாங்கிய சிவப்பும் இளஞ்சிவப்பும். வேலி மாற்றிய ஆண்டு, கணவர் ஆறையும் கிளப்பி எடுத்து, வேலை முடிந்ததும் மறுபடி நட்டார். எதை எங்கே நட்டார் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே அவர் இறந்துபோனார். இடம் மாறிய பியோனி அடுத்த கோடையில் பூப்பது அரிது. அவையும் பூக்கவில்லை. இலையைப் பார்த்து நிறம் சொல்ல அந்த அம்மையாரால் முடியாது. மகளுடைய வளவிலோ ஒரு செடிக்கு மட்டுமே இடம். ஆகவே வருகிற ஜூனில் அவை பூக்கும்போது வந்து, தாயின் செடி எதுவென்று கண்டு அடையாளம் கட்டிவிட்டு, செப்டெம்பரில் கிளப்பிக்கொண்டு போக இடம் தருவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இன்னும் பல ஜூன்கள் இருக்கின்றன என்று என் மருத்துவர் எனக்குச் சொல்லவில்லை," என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தந்தை முன்வந்து, "நோ ப்ராப்ளம், மேடம். யூ கம் எனிரைம்," என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் தந்தை இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். இளமையில் உருளைக்கிழங்கு பயிரிட்டவர். கிழங்கின் கண் வெளியே தெரியலாகாது என்பது அவருடைய கைக்குத் தெரிந்த பாடம். நவம்பரில் குளிர் இறங்கத் தொடங்கியதும் ஆட்டெருவும் தோட்டமண்ணும் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து வேலியோரம் அடுக்கினார்.

"உந்தக் கிழங்கைப் பாத்தியே, தம்பி? கண்ணெல்லாம் வெளியில கிடக்கு. மனுசன் ஏனோதானோவெண்டு நட்டிட்டுப் போயிருக்கு. உறைபனி வந்தா அவ்வளவும் அவிஞ்சுபோம்."

கதவடியில் நின்ற அம்மா, "பாவம், அந்த மனுசியின்ர செடி. வடிவா மண் அணைச்சு விடுங்கோ," என்றார்.

அவர் வடிவாகவே அணைத்தார். வாழைக்கு அணைப்பதுபோல, உருளைக்கிழங்குக்கு அணைப்பதுபோல, ஒரு சாண் உயரத்துக்கு மண்ணைக் கூட்டி, உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கினார். பிறகு பனி பெய்தது. ஆறு மேடுகளும் ஒரே வெள்ளைப் போர்வைக்குள் அடங்கின. நாங்கள் நிம்மதியாகக் குளிர்காலத்தைக் கழித்தோம்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு மாலை தொலைபேசி அடித்தது. ஒஷாவாவிலிருந்து அந்த அம்மையார்.

"மூக்குகள் வெளியே வந்துவிட்டனவா?" என்று கேட்டார். பியோனியின் சிவந்த முளைகளை அவர் அப்படித்தான் சொல்வார். பிறகு தானாகவே கணவரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். "எல்லாவற்றிலும் அவர் கவனமில்லாத மனிதர். இதில் மட்டும் விரலால் அளந்துதான் நடுவார். கண்ணின் மேல் இரண்டு விரலுக்கு மேலே மண் ஏறினால் பியோனி சாகாது, பூக்காது. இலையும் தண்டுமாக எத்தனை ஆண்டும் வாழ்ந்துகொண்டிருக்கும். ஒரு பூவும் தராது."

நான் சமையலறை யன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஆறு மேடுகளும் ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. எதிரணியின் எந்தக் கேள்விக்கும் அவர்கள் இருக்கையில் அமருமுன் விடை வைத்திருப்பவன் நான். அன்று, "இங்கே இன்னும் குளிர் விடவில்லை," என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு சரியாக உறங்கவில்லை. மறுநாள் முழுவதும் வாசித்தேன். வாசித்த இடமெல்லாம் அதையே சொல்லியது. மண்ணை எடுக்க வேண்டும், அதுவும் முளை நீளுமுன் எடுக்க வேண்டும். எந்த வாதத்தையும் கட்டுவதுபோல இதையும் கட்டினேன்: பீடிகை, மூன்று காரணங்கள், எதிர்த்தரப்பின் ஐயங்களுக்கு முன்கூட்டிய மறுப்பு, உருக்கமான முடிவுரை. சனிக்கிழமைக் காலையில் தந்தை புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மேசையின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு முழுவதையும் சொன்னேன்.

அவர் மென்று விழுங்கிவிட்டு, "முடிஞ்சுதோ?" என்றார்.

"ஓம்."

"கை தட்டட்டோ?"

அடுப்படியில் அம்மா சிரித்தது கேட்டது.

"தம்பி, நான் கிழங்கு நட்டவன். நீ கிழங்கு திண்டவன். உந்த மேடைக் கதையெல்லாம் மண்ணுக்கு விளங்காது."

"அப்பா, உது உருளைக்கிழங்கில்லை."

"கண் இருக்குத்தானே? பேந்தென்ன?"

என்னிடம் வேறு வாதம் இல்லை. பயமே மிஞ்சியிருந்தது. அந்தப் பயத்தை எந்த அலங்காரமும் இல்லாமல் அப்படியே கொட்டினேன்.

"அவ பூ வடிவெண்டு பாக்க வரேல்லை, அப்பா. தாய் குடுத்த செடி எதெண்டு அவவுக்குத் தெரியாது. பூத்தாத்தான் தெரியும். பூக்காட்டி அவ எதைக் கொண்டுபோறது?"

தந்தையின் கை கோப்பையில் நின்றது. சாவி வாங்கிய அன்று அந்த அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னவற்றில் பாதி அவருக்கு எட்டவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். யாரோ ஒருவர் தம் பழைய தோட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வருகிறார் என்றே அவர் எண்ணியிருந்தார்.

"உதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்று எழுந்தார். கொட்டிலுக்குப் போகத் திரும்பிய என்னைத் தடுத்தார். "மண்வெட்டி வேண்டாம். கரண்டி எடு."

வாசகரே, நீங்கள் நின்று பார்த்த காலை இதுதான். மேலே கிடந்த மண் இலகுவாக வந்தது. நான்கு விரல் ஆழம் போனதும் தந்தை கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். முளைகள் மண்ணுக்குள்ளேயே நீளத் தொடங்கிவிட்டிருந்தன. வெயிலைக் காணாததால் சிவக்காமல், வெளிறிய இளஞ்சிவப்பாய், தொட்டால் ஒடியும் பதத்தில் நின்றன. ஒவ்வொரு முளையும் ஒரு தண்டு. ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு பூ. கரண்டியையும் விட்டுவிட்டு விரல்களால் தோண்டினோம். மூன்றாவது செடியில், பயற்றங்காயை முறிக்கும்போது எழுகிற சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. தந்தை ஒடிந்த முளையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்தார்.

ஆறாவது செடி கூரைப் பீலித் தண்ணீர் விழும் மூலையில் நின்றது. நீர் அரித்துவிடும் என்று அதற்குத்தான் தந்தை மற்றெல்லாவற்றிலும் கூடுதலாக மண் குவித்திருந்தார். அடியில் மூன்று முளைகளே இருந்தன. மூன்றும் பென்சில் தடிப்பும் இல்லை.

அதன்பின் வந்த வாரங்களை நான் வாழ்ந்தேன் என்று சொல்வதைவிட, அந்தப் பாத்தியைக் காவல் காத்தேன் என்று சொல்லலாம். பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுமுன் ஒருமுறை. பஸ்ஸால் இறங்கி வந்து, சப்பாத்தும் கழற்றாமல் இன்னொருமுறை. வெளிறிய முளைகள் வெயிலில் சிவந்து, இலை விரித்துப் பச்சையாகின. இலை வருவது வெற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மையார் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தண்டின் நுனியையும் விரலால் விலக்கி, உள்ளே கடலையளவில் உருண்டையாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடினேன். மே நடுப்பகுதியில் முதலாவது செடியில் தட்டுப்பட்டது. பிறகு நான்காவதில். பிறகு மற்ற மூன்றிலும். ஆறாவதில் தேடித் தேடி விரல் வெறுமையாகவே திரும்பியது.

மொட்டுகள் பருத்தபோது எறும்புகள் வந்தன. ஒருநாள் அம்மா மஞ்சள்தூள் போத்தலோடு பாத்தியருகில் நிற்பதைக் கண்டு ஓடினேன்.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"எறும்பு மொட்டை அரிக்குது. கொஞ்சம் தூவி விட்டா ஓடிப்போம்."

"அது மொட்டில ஊறுற தேனைக் குடிக்குது. ஒண்டும் செய்யாது. விடுங்கோ."

"எறும்புக்கும் நீதான் லோயரோ?" என்று கேட்டுவிட்டு அம்மா உள்ளே போனார்.

ஜூன் தொடக்கத்தில் முதலாவது செடி விரிந்தது: இளஞ்சிவப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, ஒரு முளையை இழந்த செடி, இருண்ட சிவப்பு. மழை வரும் என்று வானொலி சொன்ன மாலையில், தக்காளிக்கென்று வாங்கி வைத்திருந்த கம்பிக் கூடுகளைத் தந்தை கொண்டுவந்து, பூப் பாரத்தில் தலை சாயத் தொடங்கிய தண்டுகளைச் சுற்றி நிறுத்தினார். நான்காவது இளஞ்சிவப்பு. ஐந்தாவதன் மொட்டு நுனியில் வெளிறிய ஒரு கீற்றுத் தெரிந்தது. இரண்டு நாள் காலையும் மாலையும் அதையே குனிந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அது விரிந்தபோது, ஓரம் வெளிறி உள்ளே சிவந்த பூவாக நின்றது. ஆறாவது, இலையோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மையார் மகளோடு வந்தார். கைத்தடியை வேலியில் சாத்திவிட்டு, ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவதன் முன் நின்றார். நான் முந்திக்கொண்டு பேசினேன். இருந்தவை ஆறு; பூத்தவை ஐந்து; ஐந்தில் எதுவும் வெள்ளை இல்லை; ஆகவே எஞ்சி நிற்பதே தங்கள் தாயின் செடி. குறையில்லாத தர்க்கம் என்று அந்த நிமிடம் நம்பினேன்.

அவர் இறுதிவரை கேட்டார். "நீ அழகாகப் பேசுகிறாய்," என்றார். "ஆனால் வேலி வேலை நடந்தபோது ஒரு கிழங்கு அழுகிவிட்டதாக என் கணவர் ஏதோ முணுமுணுத்தார். எது என்று நான் கேட்கவில்லை. என் முகம் வாடக்கூடாது என்று, சொல்லாமல் புதிதாக ஒன்று வாங்கி நட்டிருக்கவும் கூடியவர். நான் கண்ணால் பார்க்க வேண்டும்."

"இதையே கொண்டுபோகலாமே, அம்மா," என்றார் மகள்.

"இந்தச் செப்டெம்பரில் கிளப்பினால் அடுத்த ஜூனிலும் பூக்காது. இங்கேயே நின்றால் ஒருவேளை பூக்கும்." அவர் ஆறாவதன் இலையை இரு விரலால் தடவினார். "நான் அந்த ஒருவேளைக்குக் காத்திருக்கிறேன்."

"என்னவாம்?" என்று தந்தை கேட்டார். சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அந்த அம்மையாரின் முன் வந்தார். "மை மிஸ்டேக், மேடம். ரூ மச் சொயில்."

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். "என் கணவர் இருந்திருந்தால் உங்களைத் தெரு முழுக்கக் கேட்கத் திட்டியிருப்பார்," என்று சொல்லி, அவருடைய கையைத் தட்டிக்கொடுத்தார்.

மகள் அவரைக் காரில் ஏற்றி இருக்கைப் பட்டியைப் பூட்டினார். அந்த ஏறுதல் நெடுநேரம் எடுத்தது. கால் ஒன்றை உள்ளே தூக்கி வைக்க அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யன்னல் இறங்கியிருந்தது. அருகே போய், பீடிகை இல்லாமல், ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

"என்ன சொன்னனீ?" என்றார் பின்னால் நின்ற தந்தை.

கார் இன்னும் புறப்படவில்லை. அவருக்கும் அம்மாவுக்கும் கேட்கும்படி, உரத்த குரலில், அதையே தமிழில் சொன்னேன்:

"உந்தச் செடியில இனி ஒரு பிடி மண்ணும் விழ விடமாட்டன். அடுத்த வருசம் அதில முதல் மொட்டு நிறம் காட்டுற அண்டைக்கே ஒஷாவாவுக்குப் போய், அவவைக் கூட்டிக்கொண்டு வந்து, உந்த இடத்தில கதிரை போட்டு இருத்துவன். வெள்ளையோ சிவப்போ, அவவே கண்ணால பாக்கட்டும். அதுவரைக்கும் நான் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டன்."