கருப்பு கோயில் கிடாவுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

ரங்கூனில் இருக்கும் நம்மவர்களே, நீங்கள் நம்ப மாட்டீர்கள். இங்கே அரியலூர்ப் பக்கத்தில் ஓர் ஆட்டைப் பார்த்தால் யாரும் "முட்டுமா?" என்று கேட்பதில்லை. "எந்தச் சாமிக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். பதில் கிடைத்ததும் ஆட்டின் தொடையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போகிறார்கள். வந்த புதிதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானோ ரங்கூன் மிருகக்காட்சி சாலைக் காவல்காரரின் மகள். கரடிக் கூண்டுக்குப் பின்புறமிருந்த குடியிருப்பில் வளர்ந்தவள். அங்கே மிருகங்களைப் பார்க்க வருகிறவர்கள் கையில் கடலையோடு வருவார்கள், மனசில் மசாலாவோடு வரமாட்டார்கள். ஜப்பான் சண்டை மூண்டு, கிடைத்த கப்பலில் ஏறி, என் தாத்தா பிறந்த இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்தபோது, "அப்பாடா, சொந்த ஊருக்கு வந்துட்டீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். எது சொந்த ஊர் என்று வந்தவளைக் கேட்க வேண்டாமா? சண்டை முடிந்தும் இந்தத் தெருவில் எனக்குப் பெயர் பர்மாக்காரம்மாதான்.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. நான் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், மிருகங்களைப் பேணுவது பற்றிப் பிள்ளைகளுக்குச் சின்னப் புத்தகங்கள் எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது கரடியைக் குளிப்பாட்டுவது எப்படி என்று. அப்பா குளிப்பாட்டிய கரடி ஒன்று தண்ணீரைக் கண்டாலே கூண்டை உலுக்கி ஊரைக் கூட்டும். அப்பா அவசரப்படவில்லை. முதல் சில நாள் பாதத்தில் மட்டும் ஒரு கை தண்ணீர், பிறகு முழங்கால், பிறகு முதுகு, கடைசியில்தான் தலை, இடைவிடாமல் பேச்சு. மழைக்காலம் வருவதற்குள் அது நலங்கு வைக்கிற மாப்பிள்ளை மாதிரிக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டது. இதையெல்லாம் எழுதித் திருச்சியில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் பொறுமையாகப் படித்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நம்ம பக்கம் யார் வூட்டுலங்க கரடி இருக்கு?"

எனக்கு வந்ததே கோபம். யார் வீட்டில் ராட்சசன் இருக்கிறான், அந்தக் கதையெல்லாம் நீங்கள் அச்சடிக்கவில்லையா என்று கேட்டேன். அவர் அசரவில்லை. "ஆட்டை வச்சு எழுதிக் குடுங்க, அடுத்த மாசமே போட்டுடலாம்" என்றார். ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனால், அங்கே செவலை நிறத்தில் ஒரு கிடா கட்டியிருந்தது.

கிடா, நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ரத்தினத்தினுடையது. பட்டாளத்துக்குப் போன மகன் முழுசாகத் திரும்பி வந்தால் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். மகன் மாணிக்கம் திரும்பியும் வந்துவிட்டான். கோயில் திருவிழா வரும்வரை அதைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி செல்லம்மாள் அக்காவின் பொறுப்பு. செய்து பார்க்காத எதையும் நான் எழுதுவதில்லை. "அக்கா, இதை நான் குளிப்பாட்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

"ஆட்டையா? ஏன் தங்கச்சி, பர்மாவுல அதுக்குத் தலைகூட வாரி வுடுவீங்களோ?" என்று சிரித்தாளே தவிர, மறுக்கவில்லை. சில நாளில் அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாதம், முழங்கால், முதுகு, தலை. ஆரம்பத்தில் துள்ளிக் குதித்துக் கயிற்றை அறுத்த கிடா, போகப் போகக் குடச் சத்தம் கேட்டாலே வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டது. ரத்தினம் மாமாவுக்கும் பெருமைதான். கோயிலுக்குப் போகிற ஜீவன் சுத்தமாக இருக்கிறதே. நானும் புத்தகத்தை முடித்துத் திருச்சிக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும், ஊரில் பிறந்த குழந்தைக்கே தெரிந்த சங்கதி அது.

திருவிழாவன்று செந்துறையிலிருந்தெல்லாம் உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கோயிலடியில் அடுப்பு மூட்டி, மசாலா அரைத்து, வெங்காயம் உரித்தாகிவிட்டது. பூசாரி கிடாவுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா கண்ணை மூடிக்கொண்டது. இன்னொரு கை தெளித்தார். சுகமாகத் தலையைச் சாய்த்தது. பக்கத்திலிருந்தவளிடம், "எதற்குக் காத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"துளுக்கணும்ல" என்றாள். தண்ணீர் பட்டதும் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டுமாம். அதுதான் சாமி உத்தரவாம். உதறாத கிடாவை வெட்டக்கூடாது. சாமி ஏற்கவில்லை என்று அர்த்தமாம்.

செம்பு போய்க் குடம் வந்தது. காதுக்குள் ஊற்றினார்கள். கிடா திரும்பி நின்று, ஊற்றாமல் விட்டிருந்த மறுபக்கத்தைக் காட்டியது.

"ரத்தினம், வூட்டுல என்னப்பா கொறை வச்சீங்க?" என்றார் பூசாரி.

ரத்தினம் மாமா மகனைப் பார்த்தார். குண்டுக்குத் தப்பி வந்த பிள்ளையைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறது என்றே அவர் நினைத்துவிட்டார். நான் வாயைத் திறந்தால் கிடா போகும். திறக்காவிட்டால் அந்த மனுஷன் நிம்மதி போகும். மகனைப் பார்த்த அவர் முகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"சாமி கோபமெல்லாம் இல்லை மாமா. தினம் குளிப்பாட்டி நான்தான் பழக்கிவிட்டேன்" என்றேன்.

ஒருவரும் நம்பவில்லை. "ஏம்மா, கருப்பு உத்தரவை நீ குடத்துத் தண்ணியில நிறுத்திட்டியாக்கும்?" என்று ஒரு கிழவர் கேட்டார். அப்போதுதான் செல்லம்மாள் அக்கா முன்னால் வந்தாள்.

"அவ சொல்றது நெசந்தான். நானுந்தான் ஊத்தினேன். அதுக்குத் துளுக்கு வுட்டுப் போச்சுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஊத்தினேன். எம்புள்ள வந்துட்டான், அது போதும். இதை வெட்ட எனக்கு மனசு வரலை."

ரத்தினம் மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கோபமா நிம்மதியா என்று அவருக்கே தெரியவில்லை. பூசாரி கிடாவைப் பார்த்தார், கொதிக்கிற உலையைப் பார்த்தார். "துளுக்காம நான் வெட்ட மாட்டேன். உசுரோட கருப்புக்கே வுட்டுடுங்க, கோயில் கிடாவா திரியட்டும்" என்றார். அன்று கறி மசாலாவில் பூசணிக்காய் வெந்தது. செந்துறைக்காரர்கள் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை என்னை முறைத்தார்கள்.

புத்தகம் வந்துவிட்டது. சேதி திருச்சிவரை போயிருக்க வேண்டும். 'சாமிக்கு நேர்ந்த கிடாவுக்கு இம்முறை ஆகாது' என்று கடைசிப் பக்கத்தில் அச்சகத்தார் தாமாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறார். கோயில் கிடாவோ யார் கொல்லையிலும் புகுந்து கம்பம்பயிரை மேய்கிறது. அடிக்க முடியாது, சாமி சொத்து. நான் கூப்பிட்டால் மட்டும் வந்துவிடும், எனவே ஆளுக்கு ஆள் என்னிடம்தான் ஓடிவருகிறார்கள்.

போன வாரம் என் வீட்டுக்காரர், ரங்கூனுக்கு மறுபடி கப்பல் போகிறதாம், போய்விடலாமா என்று கேட்டார். அது தெருவுக்கெல்லாம் பரவி, பக்கத்துக் கொல்லைக்காரர் பதறிப்போய் வந்தார். "நீங்க போயிட்டா கிடாவை யாருங்க கூப்பிடறது?" என்றார். இந்த ஊரில் என்னைப் போகாதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

அவர் கொல்லை வரப்பில் போய் நின்று, "லா, லா" என்று கூப்பிட்டேன். வா, வா என்பதற்குப் பர்மாப் பேச்சு. அப்பா கரடியிடம் பேசிய மாதிரியே கிடாவிடமும் நான் பேசியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். கம்பங்கதிரை வாயில் வைத்துக்கொண்டே அது தலையைத் தூக்கியது. அந்தப் பாஷையில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க எனக்கு இங்கே அது ஒன்றுதான் இருக்கிறது.