மூன்றாவது சென்சார்

வாசுகி கம்பெனி ஆரம்பித்திருக்கிறாள் என்றபோது நீலகிரி மலையின் கட்டபெட்டில் யாரும் நம்பவில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, கோயமுத்தூரில் டாக்டர் பட்டம் வரை படித்துவிட்டு, காலேஜ் வேலைக்குப் போகாமல் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலை ஃபாக்டரிகளுக்கு அலைகிற பெண்ணைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? "அந்தப் பொட்டிக்குள்ளதான் எம்மகளோட படிப்பு பூரா இருக்குது" என்று அவள் அப்பா பரமசிவன் டீக்கடையில் சொல்வார். பெருமையா சலிப்பா என்று கேட்பவர்களுக்குப் பிடிபடாது.

பெட்டி செய்யும் வேலை சின்னதுதான். வெட்டி நொறுக்கிய தேயிலையைப் பரப்பிப் புளிக்க விடுவார்கள். பச்சைப்புல் வாசம் மெல்லப் போய்ப் பழவாசம் எழும்பும்போது உலர்த்த அனுப்ப வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் தூளில் ருசி இருக்காது. அந்தத் தருணத்தை மோப்பம் பிடித்துப் பச்சை விளக்கைப் போட்டுக் காட்டும் பெட்டி அது. உள்ளே நான்கு சென்சார்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை வாசனை. வாசுகியின் ஆராய்ச்சியே அதுதான். காப்புரிமை பல்கலைக்கழகத்தினுடையது. அங்கிருந்த தொழில்முனைவோர் மையம் அதற்கான உரிமத்தை அவளுக்குக் கொடுத்து, ஆரம்பச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து, அஸ்வந்த் என்ற பையனையும் கூட்டுச் சேர்த்துவிட்டது. எம்.பி.ஏ. படித்தவன். "ஆராய்ச்சி உங்களுது, பேச்சு என்னுது" என்பான். பேச்சில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பெட்டியைச் சோதிக்க இடம் கொடுத்தவர் ஹெர்பர்ட். ஊருக்குக் கீழே இருக்கும் தனியார் ஃபாக்டரியில், இலை தூளாகும்வரை மேற்பார்க்கும் டீ மேக்கர். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கித் தந்ததும் அவர்தான். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், அதிர்ந்து பேசமாட்டார்.

மாதக் கணக்காகப் பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. முதலீடு செய்யும் கருணாகரன் கோவையிலிருந்து நேரில் பார்க்க வந்த அன்றுதான் அதற்குப் பித்துப் பிடித்தது.

ஹெர்பர்ட் இலையை அள்ளிப் பார்க்கக் குனிந்தார். திரையில் எண்கள் எகிறின. அரைகுறையாகப் புளித்த இலைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அவர் நகர்ந்ததும் அணைந்தது. மறுபடி வந்தார், மறுபடி எரிந்தது. அஸ்வந்த் சிரித்து மழுப்பினான். கருணாகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும் போலங்களே. ஆறு மாசம் போகட்டும், பேசலாங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

கார் போனதும் வாசுகி பெட்டியைச் சோதித்தாள். அஸ்வந்தைப் பெட்டியருகே நிறுத்தினாள், தானும் நின்றாள். எண்கள் அசையவில்லை. ஹெர்பர்ட் வந்தால் மட்டும் துள்ளின. அவளுக்கு ஒன்றுதான் தோன்றியது. யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஏதாச்சும் குடிச்சிருக்கீங்களா?"

இலை கிளறிக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஹெர்பர்ட்டின் முகம் வெளுத்துப்போனது.

"என்னையவா கேக்கற?" என்றார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தும் வாசுகிக்குச் சோறு இறங்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து பதிவுகளைப் பார்த்தாள். சாராய வாசனைக்கு முதலில் துள்ள வேண்டிய சென்சார் அசைந்ததாகவே தெரியவில்லை. எகிறியது மூன்றாவது. அந்தச் சென்சாரை எதை வைத்துச் சோதித்தோம் என்று யோசித்தாள். அசிட்டோன். நகப்பூச்சு அழிக்க உதவும் திரவம். ஆய்வகத்தில் தினமும் கையாண்டது. ஒரு மனிதனின் மூச்சில் அது எப்படி வரும்?

சட்டென்று நினைவு வந்தது. சர்க்கரை நோய் கட்டுமீறிப் போனால் மூச்சில் அந்த வாசனை வரும் என்று எப்போதோ ஒரு கட்டுரையில் படித்திருந்தாள். ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு மழையில் ஓடினாள்.

கதவைத் திறந்த ஜெஸிந்தா டீச்சர், ஹெர்பர்ட்டின் மனைவி, அழுதுகொண்டிருந்தார். "வந்ததுலருந்து வாந்தி எடுக்கறாரு கண்ணு. மூச்சு வேற வேகமா வாங்குது. ஃபாக்டரில என்ன நடந்துச்சு? கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறாரு."

"டீச்சர், இவருக்குச் சர்க்கரை இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லியே. ரெண்டு மாசமா தண்ணி தண்ணின்னு குடிக்கறாரு, எளச்சுப் போயிட்டாரு. வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்."

ஜீப் பிடித்துக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்கிறது என்றார். "இவரு இவ்வளவு நேரம் நடமாடுனதே பெரிசு. விடிஞ்சு கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் சொல்லியிருக்க முடியாதுங்க."

வாசுகி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் சாகக் கிடந்த நேரத்தில் அவரைப் பத்துப்பேர் முன்னால் குடிகாரனாக்கியிருந்தாள்.

ஹெர்பர்ட் பிழைத்துக்கொண்டார். அவர் கண் விழிக்குமுன்பே அஸ்வந்த் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கொஞ்ச நாளிலேயே கருணாகரனிடமிருந்து அழைப்பு வந்தது. கோவையில் அவருடைய கூட்டாளிகள் முன்னால் வந்து பேச வேண்டும். ஆறு மாதம் என்றவர் ஏன் அவசரப்படுகிறார் என்று வாசுகிக்குப் புரியவில்லை.

ஏ.சி. அறையில் தேயிலையைப் பற்றி அவள் பேசி முடித்ததும் அஸ்வந்த் எழுந்தான். திரையில் அடுத்த படம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, கண்மூடிக் கிடந்தார் ஹெர்பர்ட்.

"இவருடைய உயிரைக் காப்பாற்றியது எங்கள் கருவி" என்றான் அஸ்வந்த். "சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு முறை ஊதினால் போதும், ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். தேயிலையை விடுங்கள், எங்கள் சந்தை இதுதான்."

வாசுகி அஸ்வந்தைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் படத்தை எப்போது எடுத்தான்? யாரைக் கேட்டு எடுத்தான்? சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கருணாகரன் புன்னகைத்தார். அஸ்வந்த் சொல்லி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"அப்டி இல்லீங்க" என்று வாசுகி எழுந்தாள். "பொட்டி ஒரு நம்பரக் காட்டுச்சு, அவ்வளவுதான். அதப் பாத்துட்டு நான் அந்த மனுசனக் குடிகாரன்னு நெனச்சேன். எங்ககிட்ட இருக்கறது ஒரே ஒருத்தரோட மூச்சுங்க. நாளைக்கு இது தப்பா 'ஒண்ணும் இல்லை'ன்னு காட்டி, அத நம்பி ஒருத்தரு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துட்டா? மொதல்ல நோயாளிகள வெச்சு முறையா ஆராய்ச்சி பண்ணோணும். வருசக் கணக்காகும்."

"அத்தனை வருசம் எங்க பணம் காத்திருக்காதுங்க" என்றார் கருணாகரன்.

"அப்ப வேண்டாங்க. அந்தப் படத்தத் திரையிலருந்து எடுத்துருங்க."

வெளியே வந்ததும் அஸ்வந்த் கத்தினான். "கைக்கு வந்ததத் தட்டி விட்டுட்டீங்களே! உங்களுக்குப் பைத்தியமா?" அந்த மாதமே அவன் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் வாசுகி நினைத்தாள். ஆனால் நடந்ததைக் கேட்ட பல்கலைக்கழக மையத்தார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் பேசினார்கள். மூச்சு ஆராய்ச்சி அங்கே முறைப்படி தொடங்கியது. வாரம் ஒருமுறை அவள் பஸ்ஸில் மலையிறங்கிப் போய்வருகிறாள். தேயிலைப் பெட்டிக்கு அரசாங்க மானியம் கொஞ்சம் கிடைத்தது. ஆள் மூச்சுப் படாதபடி தடுப்பு வைத்துப் பெட்டியைத் திருத்தினாள். இத்தலார் பக்கம் ஒரு ஃபாக்டரி அதை விலைக்கு வாங்கியது. கம்பெனி நடக்கிறது என்று சொல்லலாம். ஓடுகிறது என்று சொல்ல முடியாது.

படத்தைப் பற்றி ஹெர்பர்ட் வீட்டில் அவளே போய்ச் சொன்னாள். ஜெஸிந்தா டீச்சருக்குக் கோபம் பொங்கியது. "நெனவில்லாமக் கெடந்த மனுசன படம் புடிக்கறதா? என்ன படிப்பு படிச்சீங்க ரெண்டு பேரும்?"

இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த ஹெர்பர்ட் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "உடு ஜெஸி. படம் போனாப் போகுது." பிறகு வாசுகியைப் பார்த்தார். "அத்தன ஆளுங்க நிக்கறப்ப நீ கேட்ட கேள்வி இருக்குதே, அதுதான் இன்னும் போகல."

வாசுகி என்னென்னவோ சொல்ல நினைத்து வந்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. கடைசியில் ஜெஸிந்தா டீச்சர்தான் எழுந்து போய், சர்க்கரை போடாத டீயை மூவருக்கும் கொண்டுவந்து வைத்தார்.