பன்னிரண்டு வோல்ட்

அப்பாவுக்குத் தொண்டையில் வந்த நோய் முதலில் அவருடைய குரலைத்தான் தின்றது. மூன்று வகுப்புக்குக் கேட்கும்படி அதட்டிய வாத்தியார், கட்டிலில் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டால் பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்காது. அம்மாவோ அடுப்பங்கரையில் இருப்பாள். போதாததற்கு ஆனி மாதம். குற்றாலச் சாரல் தென்காசி வரை வந்து எங்கள் ஓட்டுக்கூரையில் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, தபாலில் ரேடியோ பாடம் படித்தவர். ஊரில் பாதி ரேடியோக்கள் அவரால் பாடின. மீதி அவரால்தான் வாயை மூடின. அவர் ஒரு சோப்புப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர்களை வைத்து, அப்பாவின் தலைமாட்டில் ஒரு மைக்கும் அடுப்பங்கரையில் ஒரு ஸ்பீக்கரும் மாட்டினார். நான்கு டார்ச் செல், ஆறு வோல்ட்.

"அத்தான் குரலுக்குத் தெம்பு இல்லலா? முதல் டிரான்சிஸ்டர் அதைச் சிரமப்படுத்தாம வாங்கி, தன் தெம்புல அடுத்தவன்ட்ட கொண்டுபோய்ச் சேக்கும்" என்று எனக்கு விளக்கினார்.

அம்மிக்கு மேலே சுவரிலிருந்து "தண்ணி" என்று அப்பாவின் குரல் வந்தபோது, அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அதன்பின் சமைத்தபடியே அவரோடு பேசினாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தக் கொஞ்ச நாள்தான்.

ஆடி பிறந்ததும் ஸ்பீக்கரில் குரல் மெலிந்தது.

"அவிய சொல்லுதது கேக்கலியே தம்பி. செல்லு தீந்துட்டோ?" என்றாள் அம்மா.

மாமா நான்கு செல்லையும் கழற்றிப் புதிது போட்டார். அப்படியும் கேட்கவில்லை. சற்று நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆறு வோல்ட்டு காணாதுக்கா. பன்னெண்டுக்கு மாத்திருதேன்" என்றார்.

வாடகைக் கார் ஓட்டுபவர் ஒருவரிடமிருந்து பாட்டரி வந்தது. அம்மா அவசரப்படுத்தியதில் மாமா அதை நேராகச் சோப்புப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டார். டிரான்சிஸ்டர் வெந்துபோயிற்று, தொட்டுப் பார்த்த என் விரலும் சுட்டது. மூன்று நாள் அப்பா கட்டில் சட்டத்தில் டம்ளரைத் தட்டித்தான் கூப்பிட்டார். மாமா திருநெல்வேலிக்குப் போய், பன்னிரண்டு வோல்ட்டைத் தாங்கும் டிரான்சிஸ்டர் வாங்கி வந்து, ரெசிஸ்டர்களையும் மாற்றிப் பற்றவைத்தார். அம்மா அவர் பக்கத்தைவிட்டு நகரவேயில்லை.

மாமா மைக்கில் "அலோ" என்றதும் அடுப்பங்கரைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. நான் கைதட்டினேன். அவர் மைக்கை அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் சாரல் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"லாரி பாட்டரி இருவத்தி நாலு வோல்ட்டுலா மாமா? அதுக்கு மாத்துங்க" என்றேன்.

"மாத்திருவோம்ட்டி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாற்றவில்லை. நான்காம் நாள் அப்பா போய்விட்டார். மாமா மட்டும் சோம்பல்படாமல் இருந்திருந்தால் அப்பா கடைசியாகச் சொன்னது எங்களுக்குக் கேட்டிருக்கும் என்று, பல வருஷம் அவர்மேல் எனக்கு ஆத்திரம் இருந்தது.

அப்பாவைச் சிற்றாற்றங்கரைக்குக் கொண்டுபோன சாயங்காலம், மாமா கழற்றி ஜன்னலில் வைத்திருந்த பழைய செல்களில் இரண்டை எடுத்து டார்ச்சில் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. சுவரில் வெளிச்சத்தை ஓடவிட்டு விளையாடிக்கொண்டிருந்தேன். தீர்ந்துபோன செல் எப்படி எரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.