பிள்ளையை யார் கையில் கொடுப்பது

எனக்குப் பைத்தியம் என்று முதலில் சொன்னவர் என் நாத்தனார். அதற்காக அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவரைக் குறை சொல்ல வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. என் மகள் பிறந்த மூன்றாவது வாரத்தில் எனக்குத் தூக்கம் நின்றுபோனது. குழந்தை அழுதால், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் உலை கொதித்து வற்றி, பானை வெடித்தது. நான் அடுப்புக்கு எதிரிலேயேதான் இருந்தேன். இன்னொரு நாள் குழந்தையைக் கிணற்றடியில் படுக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரோ தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

எங்கள் வீடு படவேட்டுப் பக்கம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். வைத்தியருக்கு ஆரணி வரைக்கும் போகவேண்டும், பேய் ஓட்டுகிறவர் நடக்கிற தூரத்தில் இருந்தார். அதனால் பேய் ஓட்டினார்கள். பூசாரி என் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "யாரு நீ, சொல்லு" என்று கேட்டார். நான் என் பெயரையும், என் மாமனார் பெயரையும், வீட்டுக் கதவு எண்ணையும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து எனக்கு வேப்பங்கொத்தால் நாலு அடி விழுந்தது. முதுகில் தடிப்பு இறங்கப் பத்து நாள் ஆயிற்று. தூக்கம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் கணவருக்கு மலைமேல் வேலை கிடைத்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. வாணியம்பாடித் தோல் வியாபாரி ஒருவர் புதூர்நாட்டில் கடுக்காய்க் கிடங்கு வைத்திருந்தார். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். மலை ஜனங்கள் காட்டில் பொறுக்கிக்கொண்டு வரும் காயை வாங்கி, காயவைத்து, தரம் பிரித்து, லாரியில் ஏற்றி அனுப்ப ஒரு மேஸ்திரி தேவைப்பட்டார். என் கணவர் என்னையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். என் நாத்தனார் அவருக்கு அக்கா. ஐந்து பிள்ளை பெற்று ஐந்தையும் வளர்த்தவர், ஆகவே அவருக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இல்லை. அவர் வாசலில் நின்று சொன்னார்:

"தை முடியட்டும். நான் வந்து பாப்பேன். இவ தெளியலன்னா புள்ளைய நான் எட்த்துனு வந்துடுவேன். இவ கையில வுட்டு வெச்சா புள்ள மிஞ்சாது."

என் கணவர் தலையாட்டினார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான்.

கிடங்கில் காய் பிரிப்பது பெண்கள் வேலை. குவியலுக்கு எதிரில் முறத்தோடு உட்கார வேண்டும். கெட்டியான மஞ்சள் காய் வலது கூடைக்கு, பூச்சி அரித்த சொத்தைக் காய் இடது கூடைக்கு. பேசிக்கொண்டே செய்யலாம், பாடிக்கொண்டே செய்யலாம். நினைப்பு மட்டும் கைவிட்டுப் போகக் கூடாது. போனால் சொத்தை வலது கூடையில் விழுந்துவிடும், சாயம் கெட்டது என்று கீழேயிருந்து மூட்டை திரும்பி வரும். மேஸ்திரி பெண்டாட்டி வீட்டில் சும்மா இருப்பானேன் என்று நானும் உட்கார்ந்தேன். குழந்தையை உத்திரத்தில் சேலை ஏணை கட்டிப் போட்டிருந்தேன்.

எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் இருந்த மலைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வலப்பக்கம், கிடங்கை ஒட்டி உப்பு, துணி, மண்ணெண்ணெய் விற்ற கடைக்காரரின் மனைவி. வாணியம்பாடிக்காரர், நாலு பிள்ளைக்குத் தாய், எல்லோருக்கும் அவர் பாயம்மா. கடையில் வேலை இல்லாத நேரத்தில் பேச்சுத் துணைக்கு வந்து முறத்தைப் பிடித்துக்கொள்வார்.

வந்து நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மலைக்கார அக்கா என் வலது கூடையில் கைவிட்டு மூன்று சொத்தைகளை எடுத்து இடது கூடையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் நாலு. குழந்தை ஏணையில் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

"உன் கை இங்க கீது. நீ எங்க போய்ட்ட மே?" என்றாள்.

அவளே சொன்னாள். காய்ச்சலில் ஒரே மாதத்தில் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டனவாம். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவள் யாரோடும் பேசவில்லை, சில நாள் காட்டிலேயே கிடந்தாள். மிஞ்சிய மகனை அவள் தங்கை பார்த்துக்கொண்டாள். "இப்பவும் வரும். வந்துட்டு போய்டும்" என்றாள். முட்டிவலியைப் பற்றிச் சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாக. அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. பிள்ளை பெற்ற பிறகு அதுதான் நான் முதலில் அழுத அழுகை.

வலப்பக்கம் முறம் நின்றது. பாயம்மா தன் கழுத்தில் இருந்த தாயத்துகளை வெளியே இழுத்துக் காட்டினார். மூன்று. "அடுப்ப அணைச்சனா, கதவ சாத்தினனானு பத்து வாட்டி போய்ப் பாப்பேன். நெஞ்சு அடைச்சிக்கும். செத்துருவேன்னு இருக்கும். மூணு தாயத்து கட்டியும் ஒண்ணும் நடக்கல. மூணும் ஒண்ண ஒண்ணு நம்பினு தூங்குது போல" என்றார். நான் சிரித்துவிட்டேன். அதுவும் முதல் சிரிப்புதான்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. என் வலது கூடையில் சொத்தை விழ ஆரம்பித்தால் அக்கா ஏணையில் இருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், ஏன் என்று கேட்க மாட்டாள். நான் ஊற்றடியில் போய் உட்கார்ந்திருப்பேன், அல்லது சாக்கில் சுருண்டு தூங்குவேன். ஆமாம், அங்கேதான் எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது. பாயம்மா மூன்றாவது முறை அடுப்பைப் பார்க்க எழுந்தால் நான் கூடவே போவேன். முதலில், "அணைஞ்சிதான் கீது, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் திட்டினார். "அது எனக்கே தெரியும். சொல்லாத. பக்கத்துல குந்து" என்றார். குந்தினேன். அக்கா வேலைக்கு வராத நாளில் நாங்கள் இருவரும் ஓடையைத் தாண்டிப் போய், அவளை இழுத்து வெயிலில் உட்காரவைத்து, அவள் வீட்டுச் சாமையைக் குத்திக் கொடுத்துவிட்டு வருவோம். அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். நாங்களும் ஆறுதல் சொல்ல மாட்டோம். ஆறுதல் சொல்கிறவர்களைப் பார்த்து மூன்று பேருக்கும் அலுத்துப்போயிருந்தது.

ஒரே ஒரு சட்டம் மட்டும் உண்டாயிற்று, அதுவும் என்னால். ஒருநாள் குழந்தையைத் திரும்ப வாங்கப் போனபோது அக்கா, "எப்டி கீது?" என்று கேட்டாள். "நல்லா கீறேன்" என்று பொய் சொல்லி வாங்கிக்கொண்டேன். பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. குழந்தை மடியில் இருந்து சரிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே வந்திருந்த அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "எங்ககிட்டயும் பொய் சொன்னா அப்பறம் நாங்க எதுக்கு?" என்று அன்றைக்கு அவள் போட்ட சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும், அதுதான் சட்டம்.

தை கடைசியில் நாத்தனாரிடம் இருந்து கடிதம் வந்தது, காய் ஏற்ற வரும் லாரியிலேயே வருகிறேன் என்று. என் கணவர் படித்துக் காட்டினார். அதை நான் அக்காவிடமும் பாயம்மாவிடமும் சொல்லவில்லை. என் பிள்ளையை என்னிடம் இருந்து பறிக்க ஆள் வருகிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் நான் செய்த தப்பு.

லாரி வருகிற நாள் காலையில் முறத்தோடு உட்கார்ந்தேன். சொத்தை எது, நல்ல காய் எது என்று கண்ணுக்கே தெரியவில்லை. வலது கூடையை அக்கா பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போலக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் இறங்கிவிட்டாள். நான் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அரைமணி கழித்து லாரி வந்தது. வழி நெடுக வாந்தி எடுத்து வெளுத்துப்போன முகத்தோடு நாத்தனார் இறங்கினார். இறங்கியதும் ஏணையைத்தான் பார்த்தார். ஏணை காலியாக இருந்தது.

"புள்ள எங்க?"

"ஓடைக்கு அந்தாண்ட, ஒரு அக்கா வூட்ல கீது, அண்ணி."

"அங்க இன்னா வேல அதுக்கு?"

என் கணவர் முந்திக்கொண்டார். "தூங்க வெக்க இட்டுனு போயிருப்பாங்க, அக்கா" என்றார். நல்ல பொய்தான். நான் தலையாட்டியிருந்தால் போதும், அன்றைய நாள் ஒருவேளை சுலபமாகக் கழிந்திருக்கும். எனக்கு என்னவோ கோபம் வந்தது. நான் பொய் சொன்ன அன்றைக்குத்தான் பிள்ளை மடியில் இருந்து சரிந்தது.

"இல்லிங்க அண்ணி. காலைல எனக்கு மனசு சரியில்ல. அப்டி இருந்தா அவங்க வாங்கிக்குவாங்க" என்றேன்.

"கேட்டியாடா?" என்று நாத்தனார் தம்பியைப் பார்த்தார். "அவ வாயாலயே சொல்றா. போய்ப் புள்ளைய வாங்கினு வா."

என் கணவர் அசையவில்லை. பாயம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடியதை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் பார்த்ததில்லை. கிடங்கில் மற்றப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் தன் மூட்டையை அவிழ்த்துக் குழந்தைக்கென்று தைத்த புது கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அக்கா வந்தாள். குழந்தை அவள் முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது. நாத்தனார் எழுந்து கையை நீட்டினார்.

"குடு. நான் இதுக்கு அத்த."

"அத்தையா இருங்கம்மா. எனக்குக் குடுத்தது அவ. அவ கேட்டாத்தான் தருவன்." அக்கா என் பக்கம் திரும்பினாள். எப்போதும் கேட்கிற அதே குரலில், அத்தனை பேருக்கும் எதிரில் கேட்டாள். "எப்டி கீது?"

நல்லா கீறேன் என்று சொன்னால் குழந்தை என் கைக்கு வந்துவிடும். நாத்தனார் கண்முன்னால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். சரியில்லை என்றால், பெற்றவளே வேண்டாம் என்கிறாள் என்று தூக்கிக்கொண்டு போக அவருக்கு வேறு சாட்சியே தேவையில்லை. என் வலது கூடையைப் பார்த்தேன். எது சொத்தை என்று இப்போதும் தெரியவில்லை.

"இன்னும் சரியில்லக்கா" என்றேன். "நீயே வெச்சினு இரு. சாயங்காலம் நான் வந்து வாங்கிக்கிறேன்."

"சரி" என்று அக்கா திரும்பி நடந்தாள்.

நாத்தனார் நாலு அடி அவள் பின்னாலேயே போனார். பிறகு, "பெத்தவளே வாணாங்கிறா" என்று ஆரம்பித்தார்.

"வாணாங்கல அண்ணி. எப்ப முடியும், எப்ப முடியாதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்றேன். ஊர்ல எனக்கு முடியாதப்போ என்ன அடிச்சீங்க. புள்ள அழுதுனே கெடந்துச்சு, யாரும் தூக்கல. இங்க முடியாதப்போ மொதல்ல புள்ளையத்தான் தூக்குறாங்க. நான் கெட்டவளாவே இருக்கட்டும். புள்ள இந்த மூணு மாசத்துல ஒரு நாள் பசியா இருந்துதான்னு வேணா யாரையாவது கேட்டுப் பாருங்க."

இவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்த பாயம்மா மரியாதையாகச் சொன்னார்: "நானும் இவ மாதிரிதாம்மா. இப்ப போச்சே அந்தம்மாவும் அப்டித்தான். ஆனா மூணு பேருக்கும் ஒரே நாள்ல வர்றதில்ல."

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையாட்டுவார் என்று எல்லோரையும்போல நானும்தான் நினைத்தேன்.

"காய் ஏத்தினதும் லாரி கெளம்பிடும், அக்கா. இருட்டறதுக்குள்ள எறங்கணும்" என்றார் அவர். "நீங்க ஏறிக்கோங்க."

காய் ஏற்றி முடிந்ததும் நாத்தனார் ஏறினார். கவுனை முறத்தின்மேல் வைத்துவிட்டுப் போனார். நல்ல துணி, நல்ல தையல். கோபத்துக்காக அதை வீணாக்க நான் தயாராக இல்லை, மறுநாளே போட்டுவிட்டேன்.

மூன்று பேருக்கும் ஒரே நாளில் வந்த நாளும் பின்னால் ஒன்று உண்டு. ஆறு பிள்ளைகளையும் நடுவில் போட்டுக்கொண்டு, மழை விடுகிறவரை கிடங்குக்குள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். யாரும் சாகவில்லை. எனக்குக் குணமாகிவிட்டது என்று கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. வரும், போகும்.

நாத்தனார் லாரி ஏறிப் போன அன்று சாயங்காலம் ஓடையைத் தாண்டிப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து குழந்தைக்குச் சாமைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எப்டி கீது என்று கேட்டாள். நல்லா கீறேன் என்றேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் குழந்தையையும் என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். மீதிக் கஞ்சியை நான்தான் ஊட்டினேன். அதற்குப் பிறகு என் மகளைக் கேட்டு ஒருவரும் மலை ஏறி வரவில்லை.