ஷிஃப்ட் பஸ்ஸில் விழித்திருந்தவன்

பயண நேரத்தை இனி வீணாக்குவதில்லை என்று முடிவெடுத்து, இந்த வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் 'நல்ல பழக்கங்கள்' பேச்சுகளைக் கேட்டு வருகிறேன். அதை இந்தப் பக்கத்திலேயே பெருமையாகப் போஸ்ட்டும் போட்டேன்.

இன்று காலை நைட் ஷிஃப்ட் முடிந்து ஓசூரில் பஸ் ஏறியதும், பக்கத்து சீட் செல்வம், "அண்ணா, குருபரப்பள்ளி வந்தா எழுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். எங்கள் பஸ்ஸில் இது வழக்கம். விழித்திருப்பவர்தான் தூங்குகிறவரை எழுப்பிவிட வேண்டும்.

தலையாட்டிவிட்டு இயர்போனை மாட்டினேன்.

பஸ் குருபரப்பள்ளியைத் தாண்டி, கிருஷ்ணகிரி நெருங்கும்போது செல்வத்தின் போன் அடித்தது. அவர் மனைவி. அந்தம்மாவுக்குப் பகல்நேர ஜெனரல் ஷிஃப்ட். தினமும் குழந்தையைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டுத்தான் தன் பஸ்ஸைப் பிடிப்பார்.

"எங்க இருக்கீங்க? பாப்பாவ யாருகிட்ட விட்டுட்டுப் போறது? எங்க பஸ்ஸும் போயிருச்சு!" என்பது எனக்கே கேட்டது.

செல்வம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமே இல்லை.

"நீங்களும் அசந்துட்டீங்களாண்ணா?"

பேச்சில் மூழ்கி ஒரு நிமிடம்கூடக் கண் மூடாத நான், "ஆமா செல்வம்" என்றேன்.

அவர் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிக்க எதிர்ப்பக்கம் ஓடினார். என் காதில் 'நல்ல பழக்கங்கள்' பேச்சாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "ஊரே தூங்கும்போது விழித்திருப்பவன்தான் முன்னேறுவான்."

நாளைக்கும் அதே பஸ், அதே சீட். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவது? அதற்கும் யாராவது பேசியிருந்தால் லிங்க் போடுங்கள்.