சின்னம்மா கையில் எரிந்த ட்யூப்லைட்

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் பழைய ட்யூப்லைட் ஒன்று சாய்ந்து நிற்கிறது. எந்த ஒயரும் இல்லாமல் அது எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாகலூர் பக்கம் சின்னம்மாவின் மாந்தோப்பில், பொழுது சாயும் நேரத்தில், அவள் கையிலேயே எரிந்தது.

சித்தப்பா போன பிறகு அந்தத் தோப்புதான் அவளுக்குச் சோறு போட்டது. உயரழுத்த மின்கம்பி அதன் நடுவே போகப் போவதாகச் சொல்லி மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். தார்ச்சாலை ஓரமாக மண்ணுக்கடியில் கொண்டுபோகக் கூடாதா என்று சின்னம்மா கேட்டாள். செலவு தாங்காது, பழுது வந்தால் தோண்ட வேண்டும், உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்றார் அதிகாரி. பிஞ்சு விட்டிருந்த மரங்கள். காய் இறங்கும் வரையாவது பொறுக்கச் சொன்னாள். அதற்கும் மனமில்லை. ரம்பச் சத்தம் கேட்ட நாளெல்லாம் அவள் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கம்பியில் மின்சாரம் வந்த பிறகு, மிச்சக் கிளைகளையும் வெட்ட அதே அதிகாரி வந்தார். தலைக்கு மேல் இரைகிறது, பயமாக இருக்கிறது என்று சின்னம்மா முறையிட்டாள். ஒன்றும் ஆகாது என்றார். அவள் தோப்பு வீட்டுக்குள் போய் இந்த ட்யூப்லைட்டைக் கழற்றி வந்து, கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்தாள். மேலே போகும் மின்சாரத்தின் வீச்சிலேயே அது எரிந்தது; வெளிறிய வெளிச்சம் அவள் முழங்கை வரை விழுந்தது.

"ஒண்ணும் ஆகாதுன்னா, நீங்க ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருங்க சார்."

அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஓசூர் கம்பெனியில் வேலை கிடைத்து, இந்த வில்லா குடியிருப்பில் வாடகைக்கு வந்தேன். அதே கம்பி வயல்களைத் தாண்டி இங்கே வரை வருகிறது. காம்பவுண்டு சுவரை நெருங்கியதும் கடைசிக் கோபுரத்திலிருந்து கேபிளாக இறங்கி மண்ணுக்குள் போய்விடுகிறது. அதன் மேல் புல்வெளி, ஊஞ்சல். தாங்காத செலவு இங்கே எப்படித் தாங்கியது? யார் கேட்டார்கள், யாருக்குப் புரிந்தது? ஒருமுறை வந்திருந்த சின்னம்மாவுக்கு அந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து புல்லை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"நம்ம தோப்புலயும் மண்ணுதானே கண்ணு இருந்துச்சு" என்றாள்.

ஊருக்குத் திரும்பிய அவள் இன்றும் அந்தக் கம்பிக்குக் கீழேதான் படுத்து எழுகிறாள். ட்யூப்லைட்டை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன்.

நேற்று இருட்டத் தொடங்கியதும் அதை எடுத்துக்கொண்டு புல்வெளிக்குப் போனேன். கேபிள் போகும் இடத்தில் நின்று, அவளைப் போலவே நிமிர்த்திப் பிடித்தேன். பக்கத்தில் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கை கடுக்கும் வரை பிடித்துப் பார்த்தேன். எரியவே இல்லை.