பெயரில்லாத பட்டியல்

மலேசியாவில் ரிங்லெட் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த தவமணியின் வாயிலிருந்து யார் ரகசியமும் வெளியே வராது. 1979-இல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா, மாதம் யார் எத்தனை ஆணுறை வாங்குகிறார்கள் என்ற விவரத்தைப் பெயரில்லாமல் கேட்டார். தவமணி பெயர்களை அடித்துவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணி கூப்பிடும் ஆள் நம்பரை எழுதிக் கொடுத்தாள். பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்று சொந்த வீட்டையும் விடவில்லை. விவரம் கொடுத்தவர்களும் பார்க்கட்டும் என்று டாக்டரம்மா அதை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பெரட்டில் கிராணி, "இருபத்தேழு!" என்றார்.

"மாசம் அறுபது லா!" என்று பெண்கள் கூடையைத் தட்டிக் கூவினார்கள்.

தவமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் புருஷன் பக்கிரிசாமி மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்கய்யா!"